ஸ்டீவ் அல்பினியின் அமைதியான ஆல்பங்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் தொண்ணூறுகளின் ராக் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிர்வாணா, பிக்ஸீஸ் போன்ற குழுக்களுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதில் அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியைப் பற்றி வந்த நான்கு வரிகள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. இரைச்சலை விரும்பிய தயாரிப்பாளர் என்று ஒரு வரி, நிர்வாணாவின் 'இன் யூட்டரோ' என்று ஓர் ஆல்பத்தின் பெயர், அத்தோடு அவர் கதை முடிந்துவிட்டது. அவர் பதிவு செய்த ஆல்பங்களைக் கேட்டுத்தான் நான் என் தொழிலைக் கற்றுக்கொண்டேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். பக்திப் பாடல், கல்லூரிப் பிள்ளைகளின் ராக் பேண்ட், தவில், பறை, உறுமி என்று எது வந்தாலும் பதிவு செய்வோம். மைக்கை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் வேலையில் பாதி அடங்கியிருக்கிறது. அந்தப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அல்பினியின் ஆல்பங்களும் பேட்டிகளும்தான். எந்த மைக், எத்தனை அடி தள்ளி, ஏன் டேப் என்று யார் கேட்டாலும் அவர் விளக்கமாகப் பதில் சொல்வார். தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை.

இரைச்சல்காரர் என்ற பெயர் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். மொன்டானா மாநிலத்தில் மிசூலா என்ற ஊரில் வளர்ந்து, சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்க வந்தவர், சிகாகோவிலேயே தங்கிவிட்டார். எண்பதுகளில் 'பிக் பிளாக்' என்று ஒரு குழு வைத்திருந்தார். டிரம் வாசிக்க ஆள் இல்லை, மெஷின்தான். கிட்டார் தகரத்தைக் கிழிப்பதுபோலக் கேட்கும். பிறகு 1992 முதல் கடைசிவரை 'ஷெல்லாக்'. அவர் சொந்தமாக வாசித்த இசை உரத்த இசைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களை மற்றவர்களுக்காகப் பதிவு செய்தார். அவற்றில் இரைச்சல் இருந்தால் அது அந்தக் குழுவின் இரைச்சல். அமைதி இருந்தால் அது அந்தக் குழுவின் அமைதி. அவர் தன் பங்குக்குச் சேர்த்தது, அவர்கள் வாசித்த அறையை மட்டும்தான்.

அறை என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொதுவாக டிரம்ஸ் பதிவு செய்யும்போது ஒவ்வொரு டிரம்முக்கும் வாய்க்கு நேராக மைக் வைப்போம். அப்புறம் கம்ப்யூட்டரில் செயற்கையாக எதிரொலி சேர்ப்போம். அல்பினியும் பக்கத்தில் மைக் வைப்பார். அதோடு, பல அடி தள்ளித் தரையை ஒட்டிச் சில மைக்குகளைப் போடுவார். அவற்றில் பதிவாவது டிரம்மின் நேரடிச் சத்தம் மட்டுமில்லை. சுவரும் கூரையும் திருப்பி அனுப்பிய சத்தமும் சேர்ந்துதான். அந்த மைக்குகளின் ஒலியைச் சில மில்லி செகண்டு தாமதப்படுத்திக் கலப்பார். ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய ஓர் அடி போகும். 20 மில்லி செகண்டு தள்ளினால், அந்த மைக்குகளை இன்னும் 20 அடி பின்னால் நகர்த்திய மாதிரி. சின்ன அறையும் பெரிதாகக் கேட்கும். ஆனால் கேட்பது நிஜமான அறை. இவ்வளவுதான் வித்தை. இதைச் சரியாகச் செய்ய, வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி ஒன்றாக வாசிக்க வேண்டும், பதிவு செய்பவர் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இரண்டாவதுதான் கஷ்டம்.

கட்டுரையாளர் சொன்ன 'இன் யூட்டரோ'வையே எடுத்துக்கொள்வோம். 1993 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தில், கேனன் ஃபால்ஸ் ஊரில் உள்ள பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் பதிவானது. கலவையும் (மிக்ஸிங்) சேர்த்து மொத்தமே இரண்டு வாரம்தான். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபெய்ன் தன் குரலில் பெரும்பகுதியை ஆறு மணி நேரத்தில் பாடி முடித்தார். 'வெரி ஏப்', 'டூரெட்ஸ்' என்ற இரண்டு வேகமான பாட்டுகளுக்கு டேவ் குரோலின் டிரம்ஸை அங்கிருந்த சமையலறையில் வைத்துப் பதிவு செய்தார்கள், அந்த இடத்தின் இயற்கையான எதிரொலிக்காக. 'சென்ட்லெஸ் அப்ரன்டிஸ்' பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். டிரம்ஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கூரை எவ்வளவு உயரம் என்பதுகூடக் காதுக்குத் தெரியும். இதை இரைச்சல் என்று ஒதுக்குவது சரியில்லை. பதிவு முடிந்ததும் இசை நிறுவனத்தாருக்குப் பிடிக்கவில்லை என்று பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை ஆனது. கடைசியில் 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' இரண்டையும் ஸ்காட் லிட் என்ற இன்னொரு தயாரிப்பாளர் மறுபடி கலவை செய்தார். அந்த இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மற்றப் பாட்டுகளுக்கு நடுவில் அவை வரும்போது அறை சட்டென்று காணாமல் போவதை நான் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

அல்பினியைக் கோபெய்ன் தேடிப் போனதற்குக் காரணம் இரண்டு ஆல்பங்கள். ஒன்று பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா'. 1987 டிசம்பரில் பாஸ்டனில் ஏறக்குறைய பத்து நாளில் பதிவாகி அடுத்த ஆண்டு வந்தது. அல்பினிக்குக் கிடைத்த கூலி 1,500 டாலர். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கிம் டீலின் பின்னணிக் குரலை ஸ்டுடியோவின் குளியலறையில் வைத்துப் பதிவு செய்தார், டைல்ஸ் தரும் எதிரொலிக்காக. 'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டில் எங்கோ தொலைவிலிருந்து வரும் அந்தக் குரல் அப்படி வந்ததுதான். இன்னொன்று அதே கிம் டீல் தொடங்கிய பிரீடர்ஸ் குழுவின் 'பாட்', 1990-இல் எடின்பரோவில் பதிவு செய்தது. அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் சின்ன ஆல்பம். என்னைக் கேட்டால் அவர் செய்த ராக் ஆல்பங்களில் முதலிடம் இதற்குத்தான். பாட்டுகளுக்குள் அவ்வளவு வெற்றிடம். கிட்டார் நிற்கும்போது நிஜமாகவே நிற்கும், அதை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று யாரும் அவசரப்படவில்லை. இப்போது வரும் பாட்டுகளில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

ஆங்கிலேயப் பாடகி பி.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' பேக்கிடெர்மிலேயே, நிர்வாணாவுக்கு இரண்டு மாதம் முன்னால் பதிவானது. அந்த ஸ்டுடியோ எப்படிக் கேட்கும் என்று காட்டுவதற்காக அல்பினி இந்தப் பதிவைத்தான் நிர்வாணாவுக்கு அனுப்பி வைத்தார். முதல் பாட்டு காதில் விழுமா விழாதா என்கிற அளவுக்குத் தாழ்ந்து தொடங்கும். வால்யூமைக் கூட்டுவோம். அப்புறம் டிரம்ஸும் கிட்டாரும் ஒன்றாக வந்து விழும்போது தூக்கிவாரிப்போடும். ஹார்வியின் குரலைக் கீழே அமுக்கிவிட்டார் அல்பினி என்று அப்போதே பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாழ்வான இடம் நிஜமாகவே தாழ்ந்திருந்தால்தான் உரத்த இடத்துக்கு மதிப்பு. இன்றைக்கு எல்லாப் பாட்டும் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரே சத்தத்தில் அமுக்கி வருகிறது. எங்களிடம் வருகிறவர்களும், பக்கத்து ஸ்டுடியோ பாட்டைவிட சத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சரி, இனி நான் இந்தக் கடிதத்தை எழுதியதற்கான ஆல்பத்துக்கு வருகிறேன். 'லோ' என்று ஒரு குழு, மின்னசோட்டாவின் டுலூத் நகரைச் சேர்ந்தது. ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் என்ற கணவன் மனைவி இருவரும் பாட, மூன்றாவதாக ஒரு பேஸ் கிட்டார். மிமி நின்றுகொண்டு வாசிப்பார். அவருக்கு முன்னால் ஒன்றிரண்டு டிரம், ஒரு சிம்பல், கையில் பெரும்பாலும் பிரஷ். அவ்வளவு மெதுவான, அவ்வளவு தாழ்ந்த குரலில் அமைந்த ராக் இசை அதற்கு முன் நான் கேட்டதில்லை. 1999-இல் வந்த அவர்களுடைய 'சீக்ரெட் நேம்' ஆல்பத்தையும், 2001-இல் வந்த 'திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்' ஆல்பத்தையும் பதிவு செய்தவர் அல்பினி. கட்டுரையில் இரைச்சல்காரர் என்று எழுதப்பட்ட அதே அல்பினி.

இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு 'சன்ஃப்ளவர்'. இரண்டு குரல்களும் சேர்ந்து பாடும்போது ஒன்று இன்னொன்றின்மேல் ஏறவில்லை. ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் காத்திருப்பது கேட்கிறது. பிரஷ் டிரம்மின் தோலில் உரசுவது கேட்கிறது. உரத்த இசையைப் பதிவு செய்யும்போது சின்னச் சின்னக் குறைகள் சத்தத்துக்குள் மறைந்துகொள்ளும். மெதுவான இசையில் எதுவும் மறையாது. மைக் அரை அடி தவறான இடத்தில் இருந்தால் தெரிந்துவிடும். குரலின் மேல் கைவைத்து வழவழப்பாக்கினால் அதுவும் தெரிந்துவிடும். அல்பினி எவ்வளவு பெரிய ஒலிப்பதிவாளர் என்பதற்கு எனக்கு இந்த ஓர் ஆல்பம் போதும். மிமி பார்க்கர் 2022-இல் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் குரல் அந்த அறையில் எப்படி ஒலித்ததோ அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நினைத்தால் நன்றியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997-இல் சிகாகோவின் பெல்மான்ட் அவென்யூவில் 'எலக்ட்ரிக்கல் ஆடியோ' என்ற ஸ்டுடியோவை அவர் கட்டினார். உள்சுவர்களுக்கு அடோபி, அதாவது சுடாமல் வெயிலில் காயவைத்த மண்கல்லைப் பயன்படுத்தினார். நம் ஊரில் பச்சைக்கல் என்பார்களே, அந்த வகை. கனமான கல், வெளிச்சத்தம் சுலபத்தில் உள்ளே வராது. பெரிய பெயர் எடுத்த பிறகும் ஸ்டுடியோ போனை அவரே எடுத்துப் பேசினார். பெயர் கேள்விப்படாத குழு கூப்பிட்டாலும் தேதி கொடுத்தார், அவர்கள் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப எப்படி முடிப்பது என்று யோசித்தார்.

அங்கே பதிவானதில் நான் அடிக்கடி கேட்பது 'சாங்ஸ்: ஒஹாயா' என்ற பெயரில் ஜேசன் மொலினா செய்த 'மக்னோலியா எலக்ட்ரிக் கோ.', 2003-இல் வந்தது. அதன் முதல் பாட்டு 'ஃபேர்வெல் டிரான்ஸ்மிஷன்' ஏழு நிமிடத்துக்கு மேல் போகும். பெரிய கூட்டமாக உட்கார்ந்து, அதிகம் ஒத்திகை பார்க்காமல், முதல் டேக்கிலேயே வாசித்தது. கடைசியில் 'கேளு' என்ற பொருளில் ஒரே சொல்லை மொலினா திரும்பத் திரும்பச் சொல்வார். வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடுத்து எங்கே திரும்பப் போகிறோம் என்று கண்டுபிடித்தபடியே வாசிப்பது அந்தப் பதிவில் அப்படியே இருக்கிறது. ஆளுக்கொரு நாள் வந்து, தாளக்கணக்கைத் தட்டிக் காட்டும் கிளிக் டிராக்கைக் காதில் மாட்டி, தனித்தனியாக வாசித்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பாட்டு உருவாகியே இருக்காது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் 'டர்ட்டி த்ரீ' குழு 1998-இல் வெளியிட்ட 'ஓஷன் சாங்ஸ்': வயலின், கிட்டார், டிரம்ஸ் மட்டும், பாடகர் கிடையாது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் ராக் பக்கம் வருவதற்கு இதைவிட நல்ல வாசல் தெரியவில்லை. அடுத்தது ஜோனா நியூசமின் 'ஈஸ்', 2006. ஐந்தே பாட்டுகள், ஐம்பத்தைந்து நிமிடம். வான் டைக் பார்க்ஸ் அமைத்த ஆர்கெஸ்ட்ரா சுற்றிலும் இருக்கிறது. நடுவில் வரும் ஹார்ப்பையும் குரலையும் பதிவு செய்தது அல்பினி. விரல் நரம்பை விட்டு எழும் சத்தம்வரை இருக்கிறது.

தயாரிப்பாளர் என்று தன் பெயரைப் போட அவர் சம்மதிப்பதில்லை. பதிவு செய்தவர் என்று போட்டால் போதும் என்பார், போடாவிட்டாலும் கவலையில்லை என்பார். இது அடக்கத்துக்காகச் சொன்னதில்லை, பணத்திலும் அப்படியே நடந்துகொண்டார். 'இன் யூட்டரோ'வுக்கு முன்னால், 1992-இல், நிர்வாணாவுக்கு அவர் எழுதிய கடிதம் பின்னாளில் வெளியானது. ஆல்பம் முப்பது லட்சம் பிரதி விற்றால், வழக்கமான ராயல்டிக் கணக்கில் தனக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் டாலர் வரும் என்று அதில் அவரே கணக்குப் போட்டுக் காட்டுகிறார். காட்டிவிட்டு, அந்தப் பணம் வேண்டாம், அது இசைக்குழுவுக்குச் சேர வேண்டியது, எனக்கு ஒரு பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்கான கூலியைக் கொடுங்கள் என்கிறார். கடைசியில் ஒரு லட்சம் டாலர் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார். இன்றுவரை அந்த ஆல்பம் விற்றுக்கொண்டிருக்கிறது. அதன்பின் விற்ற எந்தப் பிரதிக்கும் அவருக்கு ராயல்டி போகவில்லை.

1993-இல் 'தி பாஃப்லர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஒரு கற்பனைக் குழு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, இரண்டரை லட்சம் பிரதி விற்று, ஊரெல்லாம் சுற்றி வாசித்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வரிவரியாகக் கணக்கு. நிறுவனத்துக்கு 7,10,000 டாலர். குழுவில் ஒவ்வொருவருக்கும் 4,031 டாலர். பெட்டிக்கடை மாதிரியான ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தால்கூட மூன்று மடங்கு கிடைத்திருக்கும் என்று எழுதியிருந்தார். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த கிராமியக் கலைஞர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். ஒருநாள் கூலியோடு பாட்டை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கம் இங்கேயும் உண்டு. அதனால் எங்கள் கூடத்தில் பதிவுக்கூலி மட்டும்தான் வாங்குகிறோம். ஒலிநாடாவோ ஃபைலோ, அது வாசித்தவருக்குச் சொந்தம். இதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அவர் வழியில் நான் செய்த ஒன்றையும் சொல்கிறேன். பறையை ஸ்டுடியோ ஏசி அறையில் வாசித்தால் சற்று நேரத்தில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும். கலைஞர்கள் நெருப்பில் காய்ச்சிக்கொண்டு வந்து மறுபடி வாசிப்பார்கள், மறுபடி தளரும். அதனால் ஒரு குழுவை மூடிக்கிடந்த ஒரு மில்லின் பஞ்சு குடோனில் அனுமதி வாங்கிப் பதிவு செய்தேன். வாசல் ஓரமாக வைக்கோல் போட்டுத் தீ மூட்டிக்கொண்டார்கள். எல்லோரும் அரைவட்டமாக நின்று ஒன்றாக அடித்தார்கள். பக்கத்தில் சில மைக், பதினைந்து அடி தள்ளித் தரையில் இரண்டு மைக். கம்ப்யூட்டரில் எதிரொலி எதுவும் சேர்க்கவில்லை. அந்தத் தரை மைக்குகளைத் திறந்ததும் வந்த ஆழம், நான் இத்தனை காலம் விலை கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளிலும் வந்ததில்லை.

அல்பினியைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாக இருக்காது. இளவயதில் அவர் பேசிய, எழுதிய பல விஷயங்கள் புண்படுத்துபவை. அதிர்ச்சிக்காகவே எழுதிய வரிகள், இடையில் நடத்திய ஒரு குழுவுக்கு வைத்த பெயர், இதெல்லாம் ஒரு பெண்ணாக எனக்கு இன்றும் கசப்பாகத்தான் இருக்கிறது. 2021-இல் அதற்கெல்லாம் அவர் வெளிப்படையாகப் பொறுப்பேற்றார். காலம் அப்படி, எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

2024 மே 7 அன்று மாரடைப்பில் அவர் இறந்தபோது வயது 61. ஷெல்லாக்கின் கடைசி ஆல்பம் 'டு ஆல் டிரெய்ன்ஸ்' பத்து நாள் கழித்து, மே 17 அன்று வந்தது. கட்டுரையில் அது அவர் இருக்கும்போதே வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். தங்கள் இணைப்பில் ஒவ்வொரு இசை விமர்சனத்துக்கும் கீழே ஒரு கட்டம் போட்டு, பாடியவர், இசை, பாடல் வரி, வெளியீடு என்று நான்கு பெயர் கொடுக்கிறீர்கள். அதில் ஐந்தாவதாக ஒலிப்பதிவாளர் பெயரையும், எந்த ஊரில், எந்தக் கூடத்தில் பதிவானது என்பதையும் சேர்க்க முடியுமா? தமிழ் ஆல்பங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தகவல் திரட்டுவது சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், கோவைப் பக்கம் பதிவாகும் ஆல்பங்களுக்கு நானே விசாரித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒலிப்பதிவாளர், சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.